எரித்துப் பார்க்காத எரிபொருள்

அணுசக்தி மாநாடுகளிலும், புதிய வகை உலைகளை விற்க வருபவர்களின் விளக்கவுரைகளிலும் இன்று ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. எரிபொருள் கோல் உலைக்குள் எப்படி விரியும், எவ்வளவு வீங்கும், எங்கே விரிசல் விடும், அதன் உறை எப்போது கிழியும் என்பதையெல்லாம் இனிக் கணினியே சொல்லிவிடுமாம். புதிய எரிபொருளை உலையில் வைத்து ஆண்டுக்கணக்கில் எரித்து, வெளியே எடுத்து, வெட்டிப் பார்த்து, அதன் பிறகே ஒப்புதல் தருவது பழைய காலத்து வழக்கமாம். முப்பரிமாண நிரல்களும் மீக்கணினிகளும் செயற்கை நுண்ணறிவும் அந்த இருபது ஆண்டு வேலையைச் சில ஆண்டுகளாகச் சுருக்கிவிடும் என்கிறார்கள். உலகெங்கும் சோதனை உலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது பெரிதாக யாரும் பதறாததற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

இந்தக் கருத்து தவறானது. அணு உலையைப் பொறுத்தவரை இது ஆபத்தானதும்கூட. எரிபொருள் கோலின் கணித மாதிரிகள் மனித அறிவின் அருமையான ஆக்கங்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பல நாட்டுப் பொறியாளர்கள் உழைத்து அவற்றை வளர்த்திருக்கிறார்கள். அவற்றின் மீதுள்ள மதிப்பினால்தான் இதை எழுதுகிறேன். அந்த மாதிரிகளின் ஒவ்வொரு மாறிலிக்குப் பின்னாலும், உலைக்குள் உருகிவிடாமல் தாங்கிய ஏதோவொரு வெப்பமானியின் கம்பியோ, கதிரியக்க அறைக்குள் யாரோ துளையிட்டுச் சேகரித்த வாயுவோ இருக்கிறது. அளப்பதை நிறுத்திவிட்டால் மாதிரி தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். தெரியாததைப் பற்றிக் கேட்டாலும் அதே உறுதியோடு, அதே ஆறு தசம எண்களோடு பதில் சொல்லும்.

கோல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். அழுத்த நீர் உலைகளில் பரவலாக உள்ள கோலின் நீளம் சுமார் நான்கு மீட்டர், குறுக்களவு ஒன்பதரை மில்லிமீட்டர். வெளியே ஜிர்கோனியம் கலவை உலோகத்தாலான உறை. அதன் சுவர் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். உள்ளே யுரேனியம் டையாக்சைடு பில்லைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பில்லைக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சந்தில் ஹீலியம் வாயு. இவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணக்குக்கு ஏற்ற எளிய உருளை என்றே தோன்றும்.

உலை இயங்கத் தொடங்கியதும் அந்த எளிமை முடிந்துவிடுகிறது. கோல் மீட்டருக்கு 20 கிலோவாட் வெப்பம் தரும்போது, பில்லையின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே வெப்பநிலை ஏறத்தாழ 500 டிகிரி வேறுபடும். அதுவும் நான்கு மில்லிமீட்டர் தூரத்தில். பீங்கான் வகைப் பொருள் இதைத் தாங்காது. கொதிநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைப் போல, முதல் முறை சூடேறும்போதே பில்லை பல துண்டுகளாக விரிசல் விட்டுவிடும். துண்டுகள் கொஞ்சம் வெளிப்பக்கம் நகரும், இடைவெளி குறையும். வெளியிலிருந்து ஏறத்தாழ 155 வளிமண்டல அழுத்தத்தில் நீர் உறையை அமுக்க, உலோகம் மெல்ல மெல்ல உள்நோக்கி ஊரும். பிளவில் பிறந்த புதிய தனிமங்கள் சேரச் சேரப் பில்லை வீங்கும். ஓரிரு ஆண்டுகளில் பில்லையும் உறையும் தொட்டுக்கொள்ளும். அதன் பிறகு பில்லை தள்ள, உறை தாங்கும். இதற்கிடையே பில்லையிலிருந்து கசியும் செனான் வாயு ஹீலியத்தோடு கலக்கிறது. செனானின் வெப்பக்கடத்துதிறன் ஹீலியத்துடையதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆகவே வெப்பம் வெளியேறுவது தடைபட்டுப் பில்லை இன்னும் சூடாகிறது. சூடானதால் இன்னும் வாயு கசிகிறது. வெப்பம், தகைவு, வேதியியல், வாயு ஆகிய எதையும் மற்றதிலிருந்து பிரித்துக் கணக்கிட முடியாது.

எரிந்து முடிந்த கோல் ஒன்றைத் தடித்த ஈயக் கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கைகளால் வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது இது. விளிம்பிலிருந்து மையம் நோக்கி ஆறேழு விரிசல்கள் ஓடும், எதுவும் நேர்கோடாக இராது. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வளைவான விரிசல்கள் சில. அதிகம் சூடான மையப் பகுதியில் படிகமணிகள் பெருத்து, அவற்றின் எல்லைகளில் வாயுக் குமிழிகள் மணிமணியாகக் கோத்திருக்கும். நெடுநாள் எரிந்த பில்லையாக இருந்தால் வெளிவிளிம்பில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் வேறு பொருள்போலத் தெரியும். அங்கே பழைய மணிகள் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களாகச் சிதைந்து, நடுநடுவே துளைகள் நிறைந்திருக்கும். அதே கோலில் பத்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு வெட்டு வெட்டினால் விரிசல்களின் கோலம் வேறாக இருக்கும்.

உலகில் அதிகம் புழங்கும் நிரல்கள், அதாவது அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்துக்காக எழுதப்பட்ட ஃப்ராப்கான், கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்த டிரான்ஸ்யுரேனஸ் முதலியவை, இந்தக் குறுக்குவெட்டை ஒரே மையமுள்ள வளையங்களாகப் பார்க்கின்றன. கோலை உயரவாக்கில் சில துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆரத்தின் திசையில் மட்டும் சமன்பாடுகளைத் தீர்க்கின்றன. விரிசல்களுக்கு என்ன செய்கின்றன? துண்டுகள் வெளியே நகர்ந்ததால் இடைவெளியில் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை மூடிவிட்டது என்று ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்கின்றன. திறனும் எரிப்பளவும், அதாவது ஒரு டன் எரிபொருள் அதுவரை தந்த மொத்த ஆற்றலும், ஏற ஏற அந்த எண்ணும் ஏறும். இதை எந்த அடிப்படை விதியிலிருந்தும் யாரும் வருவிக்கவில்லை. பில்லையின் நடுவில் துளையிட்டு வெப்பமானியைச் செருகி, உலை இயங்கும்போதே மைய வெப்பநிலையை அளந்து, கணக்கும் அளவும் ஒத்துவரும்வரை சரிசெய்து கிடைத்த எண் அது. அந்த வெப்பமானிகளில் பெரும்பாலானவை நார்வேயின் ஹால்டன் உலையில் இருந்தவை.

ஹால்டன் உலை ஒரு பாறைக் குன்றைக் குடைந்து அதற்குள் கட்டப்பட்டது. 1959-இல் இயங்கத் தொடங்கி, பக்கத்துக் காகித ஆலைக்கு நீராவி கொடுத்துக்கொண்டே, அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உலகின் எரிபொருள் பொறியாளர்களுக்கு எண்களைத் தந்தது. 2018-இல் அது நிரந்தரமாக மூடப்பட்டது. சுவீடனின் ஸ்டுட்ஸ்விக் ஆர்-2 உலை 2005-இலும், பிரான்சின் ஒசிரிஸ் 2015-இன் முடிவிலும், கனடாவின் என்.ஆர்.யு. 2018-இலும் நின்றன. மும்பை டிராம்பேயின் சைரஸ் 2010-இன் கடைசி நாளோடு ஓய்வுபெற்றது. பிரான்சில் 2007-இல் கட்டத் தொடங்கிய ஜூல் ஹொரோவிட்ஸ் சோதனை உலை திட்டமிட்ட காலத்தைத் தாண்டிப் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் திட்டமிடப்பட்ட அதிவேக நியூட்ரான் சோதனை உலைக்கு நாடாளுமன்றம் பணம் தர மறுத்துவிட்டது. நிரல்களுக்கு நிதி வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

கணினியை நம்புவோர் முதலில் எடுத்து வைக்கும் சான்று விமானத் துறை. காற்றுச் சுரங்கச் சோதனைகளைக் கணினி எவ்வளவோ குறைத்துவிட்டதே, எரிபொருளுக்கு மட்டும் ஏன் ஆகாது என்கிறார்கள். விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றுக்கான சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. அவற்றைத் தீர்ப்பது கடினமே ஒழிய, எழுதுவதற்குப் பாக்கி எதுவும் இல்லை. இறக்கையைக் கடந்த காற்று கடந்த பிறகும் காற்றாகவே இருக்கிறது. எரிபொருள் அப்படிப்பட்டதில்லை. டன்னுக்கு 60 ஜிகாவாட்-நாள் எரிந்த பில்லையில் நூறு யுரேனிய அணுக்களில் ஆறுக்கு மேல் பிளந்துபோயிருக்கும். அவை இருந்த இடத்தில் செனான், சீசியம், மாலிப்டினம், ருத்தேனியம், நியோடிமியம் என்று தனிம அட்டவணையில் ஒரு பெரும் பகுதியே குடியேறியிருக்கும். பில்லையின் ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலிருந்து ஆயிரம் முறைக்கு மேல் தூக்கி எறியப்பட்டிருக்கும். முதல் நாள் உள்ளே வைத்த பொருளும் கடைசி நாள் வெளியே எடுத்த பொருளும் பெயரளவில்தான் ஒன்று. எந்தப் பொருளுக்குச் சமன்பாடு எழுதுகிறோம் என்பதே நாளுக்கு நாள் மாறும்போது, அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்காமல் எழுத முடியாது. விமானத்துக்கு வருவோம்: எந்தக் கணினி எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்க்காமல் அதில் பயணிகளை ஏற்ற எந்த நாடும் அனுமதிப்பதில்லை.

இந்தத் துறையின் வரலாற்றைப் படித்தவர்கள் கணக்கு மட்டும் போதும் என்று சொல்லத் துணியமாட்டார்கள். 1972-இல் நியூயார்க் மாநிலத்தின் கின்னா உலையை எரிபொருள் மாற்றத்துக்காகத் திறந்தபோது சில கோல்கள் இடையிடையே தட்டையாக நசுங்கிக் கிடந்தன. எரிபொருள் வீங்கும் என்பதற்கு எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அது சுருங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பில்லைக்குள் இருந்த நுண்துளைகளைக் கதிர்வீச்சே கரைத்து மூடிவிட்டதால் பில்லைகள் அடர்ந்து சுருங்கின. அடுக்கு கீழே இறங்க, மேலே சிக்கி நின்ற பில்லைகளுக்கும் இறங்கியவற்றுக்கும் நடுவே வெற்றிடம் உண்டானது. உள்ளே தாங்க எதுவும் இல்லாத அந்த இடத்தில் வெளி நீரழுத்தம் உறையை நசுக்கியது. அன்றைய நிரல்களின் கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. அடர்ந்து சுருங்குதல் என்ற நிகழ்வு அவற்றில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத நிகழ்வை எவ்வளவு பெரிய கணினியும் கணக்கிடாது. அதன் பிறகே கோல்களுக்குள் ஹீலியத்தை அழுத்தத்தோடு நிரப்பும் வழக்கமும், பில்லையின் துளை அமைப்பைக் கட்டுப்படுத்திச் சுடும் வழக்கமும் நிலைபெற்றன.

அதே காலத்தில் கனடாவின் டக்ளஸ் பாயின்ட், பிக்கரிங் உலைகளில் கோல்கள் கசியத் தொடங்கின. இயக்கத்தின்போதே எரிபொருள் மாற்றுகையில் சில கோல்களின் திறன் சட்டென ஏறியது. பில்லை வேகமாக விரிந்து உறையைத் தள்ளியது. பிளவில் பிறந்த அயோடின் அந்த இழுவிசையில் இருந்த உலோகத்தை அரித்து விரிசலாக்கியது. தகைவை மட்டும் கணக்கிட்டவர்களுக்கு உறை தாங்கும் என்றே விடை வந்திருக்கும். உறையின் உட்புறம் மெல்லிய கிராஃபைட் பூச்சு பூசுவதே தீர்வாக அமைந்தது. ஹைதராபாத்தில் செய்யப்பட்டு நம் நாட்டுக் கனநீர் உலைகளுக்குப் போகும் எரிபொருள் கட்டுகளிலும் அந்தப் பூச்சு இருக்கிறது. எந்த நிரலும் பரிந்துரைத்து வந்த பூச்சு அன்று; கசிந்த கோல்களை வெட்டிப் பார்த்ததில் கிடைத்த பாடம்.

இவையெல்லாம் அரை நூற்றாண்டுப் பழங்கதைகள் என்று ஒதுக்கலாம். அடுத்ததை அப்படி ஒதுக்க முடியாது. யுரேனியம் டையாக்சைடின் வெப்பக்கடத்துதிறன்தான் கோல் பற்றிய மொத்தக் கணக்குக்கும் அடித்தளம். அதில் பத்து சதவீதம் தவறினால் மைய வெப்பநிலை ஐம்பது, அறுபது டிகிரி தவறும். அதைத் தொடர்ந்து வாயு வெளியேற்றம், உள்ளழுத்தம், விரிவு எல்லாமே தவறும். பல பத்தாண்டுகளாக உரிமம் பெற்ற நிரல்கள் பல, எரியாத புதுப் பில்லையின் கடத்துதிறனையே கோலின் ஆயுள் முழுவதற்கும் பயன்படுத்தின. சேரும் பிளவுப் பொருள்களும் படிகச் சேதமும் அதைக் குறைக்கும் என்ற ஊகம் முன்பே உண்டு. எவ்வளவு என்பதற்குத்தான் உறுதியான அளவு இல்லை. 1990-களில் ஹால்டனின் வெப்பமானிகள் அதைத் தந்தன. எரிப்பளவு டன்னுக்குப் பத்து ஜிகாவாட்-நாள் கூடும்போதெல்லாம் கடத்துதிறன் ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை விழுகிறது. 2009-இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் உலை இயக்குவோர் அனைவருக்கும் ஓர் அறிவிக்கை அனுப்பியது: 1999-க்கு முன் ஏற்கப்பட்ட நிரல்கள் இந்தச் சரிவைக் கணக்கில் எடுக்காமல் இருக்கலாம், உங்கள் பாதுகாப்புக் கணக்குகளைச் சரிபாருங்கள். இயங்கிக்கொண்டிருந்த உலைகளின் பாதுகாப்பு வரம்புகள் அந்த நிரல்களை நம்பி வகுக்கப்பட்டவை. அவை ஒவ்வொன்றும் முறையாகச் சரிபார்க்கப்பட்டு, மதிப்பாய்வு செய்யப்பட்டு, முத்திரை பெற்றவை. சமன்பாட்டை எத்தனை முறை சரிபார்த்தாலும் அதில் இல்லாத சரிவு தெரிந்திருக்காது. பில்லையின் நடுவே வைத்த ஒரு கம்பிதான் காட்டிக்கொடுத்தது.

விபத்து நிலைச் சோதனைகளும் இதையே சொல்கின்றன. 1993-இல் பிரான்சின் காப்ரி உலையில், நெடுநாள் எரிந்த ஒரு கோலுக்குச் சில மில்லி நொடி மின்னல்போன்ற திறன் துடிப்பு கொடுத்தார்கள். கிராமுக்கு 280 கலோரி என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருந்த காலத்தில் அது சுமார் 30 கலோரியிலேயே உடைந்தது. அந்தக் கோலின் உறையில் ஆக்சைடு படலம் உரிந்து, ஹைட்ரஜன் ஓரிடத்தில் குவிந்து உலோகம் நொறுங்கும் நிலையில் இருந்ததால் அதைப் பொதுவான சான்றாகக் கொள்ளக்கூடாது என்று பலர் வாதிட்டார்கள். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நெடுநாள் எரிந்த உறை அப்படி நொறுங்கும் நிலைக்கு வரக்கூடும் என்பதே அந்தச் சோதனைக்குப் பிறகுதான் விவாதத்தின் மையத்துக்கு வந்தது. 2006-இல் ஹால்டனில் குளிர்விப்பு நீரிழப்பு விபத்தைப் போலச் செய்த சோதனையொன்றில், டன்னுக்கு 92 ஜிகாவாட்-நாள் எரிந்த கோலின் உறை பலூன்போல உப்பி வெடித்தது. உள்ளிருந்த பில்லைகள் பொடியாகிக் கீழே சரிந்து, வெடிப்பின் வழியே வெளியே கொட்டின. அந்த எரிப்பளவு நீரால் குளிர்விக்கும் மின் உலைகளில் வழக்கமாக அனுமதிக்கப்படாத ஒன்று என்பது உண்மை. ஆனால் பில்லை பில்லையாகவே இருக்கும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் அன்று திருத்தத்துக்கு உள்ளாயின. எரிப்பளவு வரம்பை உயர்த்தக் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும் இன்றுவரை இந்தப் பொடிக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்த்தரப்பில் இருந்து வரும் வலுவான பதிலை மறைக்கக்கூடாது. தவறியவை எல்லாம் அனுபவச் சூத்திரங்களைத் தைத்த பழைய நிரல்கள். இப்போது ஐடஹோ ஆய்வகத்தின் பைசன் போன்றவை கோலை முப்பரிமாணத்தில் தீர்க்கின்றன. அணு அளவிலான குவாண்டம் கணக்கிலிருந்து தொடங்கி, படிகமணி, பில்லை, கோல் என்று படிப்படியாக ஏறி வரலாம். அனுபவ எண்களே தேவைப்படாது. இதுதான் அவர்கள் வாதம்.

முப்பரிமாணத்தின் பயனை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தயாரிப்பில் விளிம்பு சற்றே உடைந்த பில்லை உறைக்குள் போய்விட்டால், அந்த ஓட்டையின் மேலுள்ள உறைப்பகுதியில் தகைவு எப்படிக் குவிகிறது என்பதை ஒற்றைப் பரிமாண நிரலால் சொல்லவே முடியாது, பைசனால் முடிகிறது. அது அருமையான பணி. ஆனால் மேலே சொன்ன நிகழ்வுகளில் எதை அது முன்கூட்டிச் சொல்லியிருக்கும்? பில்லை சுருங்குவது வடிவக் கணிதத்தின் குறையால் தவறவிடப்படவில்லை. கடத்துதிறன் சரிவும் பரிமாணங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை. பொருளின் இயல்பே தெரியாதபோது அதே தெரியாமையை ஒரு கோடி கட்டங்களில் பரப்பி வைப்பதால் படம்தான் அழகாகிறது.

அணு அளவுக் கணக்கை நெருங்கிப் பார்ப்போம். செனான் அணு பில்லைக்குள் ஊர்ந்து செல்லும் வேகம் ஓர் ஆற்றல் தடையைப் பொறுத்தது. அந்தத் தடை ஓர் அடுக்குக்குறிச் சார்பின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. யுரேனியம் போன்ற கன அணுக்களில் இத்தகைய தடைகளைக் குவாண்டம் முறையில் கணக்கிடும்போது 0.2 எலக்ட்ரான்-வோல்ட் பிழை மிகச் சாதாரணம். 1000 கெல்வினில் அந்தப் பிழை, பரவல் வேகத்தைப் பத்து மடங்கு மாற்றிவிடும். கையில் ஒரு கணிப்பான் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். இத்தனைக்கும் அது ஒரேயொரு தடை. உண்மையில் வெற்றிடங்கள், அவற்றின் கூட்டங்கள், கதிர்வீச்சே உந்தும் நகர்வு, மணி எல்லையில் குமிழிகள் இணைவது என்று சங்கிலி நீள்கிறது. ஆகவே எல்லோரும் என்ன செய்கிறார்கள்? டர்ன்புல் குழுவினர் 1982-இல் வெளியிட்ட, கதிரூட்டிய எரிபொருளில் அளந்து பெற்ற பரவல் எண்களோடு தங்கள் கணக்கை ஒப்பிட்டு, ஒத்துவந்தால் வெற்றி என்று அறிவிக்கிறார்கள். அந்த அளவீடு இல்லாதிருந்தால் பல விடைகளில் எதைத் தேர்வது என்பதற்கே வழியில்லை. அடிப்படை இயற்பியல், அளவீட்டை விளக்க உதவுகிறது; எந்தச் சோதனை செய்யத் தக்கது என்று காட்டவும் உதவுகிறது. அளவீட்டின் இடத்தில் அமர அதற்குத் தகுதி இன்னும் வரவில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய அளவுகளில் பயின்ற வலைப்பின்னல் அந்த அளவுகளுக்கு நடுவே நன்றாக இடைக்கணிக்கும். புதிய எரிபொருள், புதிய உறை, புதிய எரிப்பளவு என்றால் அது பயின்ற எல்லைக்கு வெளியே நிற்கிறோம். கின்னாவுக்கு முந்தைய அளவுகள் அத்தனையையும் கொடுத்திருந்தாலும் அது கின்னாவை ஊகித்திருக்காது.

நிரல்கள் எவ்வளவு நம்பகமானவை என்பதற்கு மிக நேர்மையான விடை பன்னாட்டு அணுசக்தி முகமை நடத்திய ஒப்பீட்டுப் பயிற்சிகளில் கிடைத்தது. 1993-இல் தொடங்கிய ஃபியூமெக்ஸ் பயிற்சியில் ஹால்டனின் சோதனை நிலைமைகளை மட்டும் கொடுத்து, அளவுகளை மூடிவைத்து, பல நாட்டு நிரல்களைக் கணிக்கச் சொன்னார்கள். இத்தகைய பயிற்சிகளில் இந்திய நிரல்களும் கலந்துகொண்டிருக்கின்றன. வெப்பநிலையை நிரல்கள் ஓரளவு சரியாகவே கணித்தன. ஏனென்றால் அவை ஹால்டனின் வெப்பமானிகளைக்கொண்டே சரிசெய்யப்பட்டவை. வாயு வெளியேற்றத்தில் இருமடங்கு விலகல் சர்வசாதாரணமாக இருந்தது. பில்லையும் உறையும் உரசும் இயந்திரக் கணக்கில் நிலைமை இன்னும் மோசம். அளவுகள் வெளியான பிறகு அதே நிரல்கள் திருத்தப்பட்டு அழகாகப் பொருந்தின. கட்டுரைகளில் நாம் காணும் ‘சரிபார்ப்பு’ வரைபடங்களில் பல இந்த இரண்டாம் வகை என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். விடை தெரிந்தபின் எழுதிய தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைக் காட்டி ஆய்வகத்தை மூடச் சொல்வது நியாயமில்லை.

இருபது ஆண்டுகள் யாராலும் காத்திருக்க முடியாது என்பது அவர்களின் இன்னொரு வாதம். காலநிலை நெருக்கடி கண்முன்னே நிற்கும்போது அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் எரிபொருள் உண்மையில் உலைக்குள் எரியும் காலம் சில ஆண்டுகள்தான். மீதமெல்லாம் சோதனை உலையில் இடம் கிடைக்கக் காத்திருத்தல், எரிந்த கோலை நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதி பெறுதல், கதிரியக்க அறையில் முறை வருவதற்காக வரிசையில் நிற்றல். உலைகளை மூடி அந்த வரிசையை நீட்டிய பிறகு, வரிசை நீளமாக இருக்கிறது என்று சொல்லிச் சோதனையையே கைவிடச் சொல்கிறார்கள். விரைவுபடுத்தும் வழிகள் உண்டு. ஓக் ரிட்ஜில் சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு எரிபொருள் வட்டுகளைச் செறிவான நியூட்ரான் பாயத்தில் வைத்து, ஆண்டுக்கணக்கில் சேரும் எரிப்பளவைச் சுருக்கமான காலத்தில் எட்ட வைக்கிறார்கள். எந்த வட்டை எந்த வெப்பத்தில் வைப்பது என்பதை மாதிரிகள் முடிவுசெய்கின்றன. அதாவது கணக்கைக்கொண்டு சோதனையைக் கூர்மையாக்கியதால் வேகம் வந்திருக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபரில் உயிர்பெற்றபோது அதற்குள் வைக்கப்பட்டது புளூட்டோனியம்-யுரேனியம் கார்பைடு, அதுவும் எழுபது சதவீதம் புளூட்டோனிய கார்பைடு. அந்தக் கலவையை முதன்மை எரிபொருளாக அதற்கு முன் உலகில் யாரும் எரித்ததில்லை. எடுத்துப் பார்க்க நூலும் இல்லை, கேட்டுப் பார்க்க ஆளும் இல்லை. அங்கிருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் கணக்கு தந்த துணிச்சலில் தாவிவிடவில்லை. டன்னுக்கு 25 ஜிகாவாட்-நாள் என்று முதலில் வரம்பு வைத்தார்கள். அந்த அளவை எட்டியதும் ஒரு கட்டை வெளியே எடுத்து, மந்த வாயு நிரம்பிய கதிரியக்க அறைக்குள் பிரித்தார்கள். கோலின் நீளத்தையும் விட்டத்தையும் அளந்தார்கள், துளையிட்டு வாயுவைச் சேகரித்தார்கள், குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். பிறகு 50, அதற்கும் பிறகு 100 ஜிகாவாட்-நாளில் மீண்டும் அதே வேலை. எரிபொருள் வீங்கி இடைவெளி சுருங்குவதும், பிறகு மூடுவதும், மூடிய பின் தன் நுண்துளைகளுக்குள்ளேயே வீக்கத்தை வாங்கிக்கொள்வதும், கடைசியில் உறையை ஒட்டிய பகுதியில் துளைகளே தீர்ந்துபோவதும் படிப்படியாகத் தெரிந்தன. ஒவ்வொரு படியிலும் மாதிரி திருத்தப்பட்டது. திருத்திய மாதிரி அடுத்த படிக்கு மட்டும் அனுமதி தந்தது. அப்படித்தான் வரம்பு 165 ஜிகாவாட்-நாள் வரை உயர்ந்தது. இறுதியில் ஆயுளை நிர்ணயிக்கும் இடத்துக்கு எரிபொருளை முந்திக்கொண்டு எஃகு உறையும் கட்டின் மேலுறையும் வந்து நின்றன: நியூட்ரான் அடியில் அவை வீங்கி, நெகிழ்வை இழந்தன. வெட்டிப் பார்க்காமல் அந்தத் திருப்பத்தை எண்ணளவில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்திலேயே எழுப்பிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கான ஆக்சைடு எரிபொருளையும் அவர்கள் அந்தச் சிறிய உலையில்தான் முன்னதாக எரித்துப் பார்த்தார்கள். சின்ன உலையின் நியூட்ரான் பாயம், பெரிய உலையின் கோல் தரும் வெப்பத்தைக் கொடுக்கப் போதாது. அதற்காக எரிபொருளில் யுரேனியம்-233 சேர்த்து, சென்டிமீட்டருக்கு 450 வாட் வரை கொண்டுவந்து, 37 கோல்கள் கொண்ட சோதனைக் கட்டை டன்னுக்கு 112 ஜிகாவாட்-நாள் வரை எரித்தார்கள். கணக்குப் போதும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருந்தால் இந்தச் சிரமம் எதையும் பட்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த தலைமுறை ஈனுலைகளுக்கு நாம் உலோக எரிபொருளைத் திட்டமிடுகிறோம். அது ஆக்சைடைவிட அதிகம் வீங்கும், உறையோடு வேதிவினை புரிந்து அதை உள்ளிருந்தே மெலிய வைக்கும், இடைவெளியில் ஹீலியத்துக்குப் பதில் சோடியம் நிரம்பியிருக்கும். ஆக்சைடுக்கு எழுதிய நிரலில் சில மாறிலிகளை மாற்றி அதைக் கணித்துவிடலாம் என்று சொல்லும் குரல்கள் இங்கும் எழாமல் இரா. கதிரியக்க அறைகளின் இயந்திரக் கைகளை இயக்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறும்போது அந்த இடங்களை நிரப்பாமல் விடுவதற்கு அந்தக் குரல்கள் சாக்காகிவிடக்கூடாது. பத்தாண்டு பழகிய அந்தக் கைகளை மறுபடி உருவாக்க இன்னொரு பத்தாண்டு ஆகும்.

ஆகவே சோதனை வேண்டாம் என்பவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும். புதிய எரிபொருள் ஒன்றுக்கான உங்கள் கணிப்பை, அதாவது மைய வெப்பநிலை, வாயு வெளியேற்றம், உறையின் விட்ட மாற்றம், உடையும் திறன் ஆகியவற்றைப் பிழை வரம்புகளோடு முதலில் எழுதி ஒழுங்குமுறை அமைப்பிடம் மூடி முத்திரையிட்டுக் கொடுங்கள். பிறகு அந்த எரிபொருளை எரித்து வெட்டிப் பார்ப்போம். அத்தகைய கணிப்புகள் வெவ்வேறு எரிபொருள்களில் அடுத்தடுத்துப் பலித்தால் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிப் பேசலாம். அதுவரை உலைகளையும் கதிரியக்க அறைகளையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். முத்திரையைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அவைதாம் தேவை.